ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ஜோடி காது!

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்? மினி ப்ராஜெக்ட்டுக்கு ஐ.சி. வாங்கவா, லேப்டாப் சார்ஜர் புகைவிட்ட அன்றா, இல்லை ‘சும்மா சுத்திப் பார்க்கலாம் மச்சி’ என்று போய் பத்து மீட்டர் எல்.இ.டி. ஸ்ட்ரிப் வாங்கிவந்து வார்டனிடம் மாட்டிக்கொண்டீர்களா? எதுவாக இருந்தாலும் சரி, இந்த முறை என்னோடு ஒரு நடை வாருங்கள். வாங்கப்போவது ஒரு ஹெட்போன். ஒரே ஒரு ஹெட்போனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஒரு சனிக்கிழமை முழுசும் செலவானது என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். காரணம் இருக்கு.

காரணத்தின் பெயர்... வேண்டாம், பெயரைப் போட்டால் ஹாஸ்டலில் உதைப்பான். ‘டிஜே மாப்ள’ என்று வைத்துக்கொள்வோம். என் ரூம்மேட். இ.சி.இ. மூன்றாம் வருஷம். ஃப்ரெஷர்ஸ் டே, ஃபேர்வெல் எல்லாவற்றிலும் மேடை ஓரத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு தலையாட்டுவானே ஒருத்தன், அவன். சனி, ஞாயிறுகளில் கல்யாண ரிசப்ஷனிலும் வாசிப்பான். (‘வாசிப்பான்’ என்று சொன்னால் முறைப்பான். ‘ப்ளே பண்றேன்டா!’)

போன கல்ச்சுரல்ஸில் இரண்டு மணி நேரம் பின்னியெடுத்தான். கீழே இறங்கி வந்து, “மச்சான், லெஃப்ட் காதுக்குள்ள கொசு பறக்குதுடா” என்றான். தூங்கினால் சரியாகிடும் என்றோம். ஆகவில்லை. மூன்றாம் நாளும் கொசு அங்கேயே குடியிருந்தது. நான்காம் நாள் இ.என்.டி. டாக்டரிடம் போனோம். சின்னக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து ‘பீப்’ கேட்டதும் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்த கிராஃபைப் பார்த்து நான் அதிர்ந்துபோனேன். நாம் லேபில் பார்க்கிற ஃப்ரீக்வென்ஸி ரெஸ்பான்ஸ் மாதிரியே இருந்தது. வலது காதுக் கோடு ஒழுங்காகப் போகிறது. இடது காதில் 4,000 ஹெர்ட்ஸில் மட்டும் ‘வி’ போட்டுக் குழி விழுந்திருக்கிறது. இரைச்சலால் காது கெட்டால் பெரும்பாலும் அங்கேதான் முதல் குழி விழுமாம்.

“காதுக்குள்ள இருக்கற மயிரிழை செல்லு செத்துட்டா திரும்ப வளராது தம்பி. தலைமுடின்னாலும் நட்டுக்கலாம்” என்றார் டாக்டர். ஜோக்தான். மாப்ள சிரிக்கவில்லை.

அவன் எப்போதும் இடது காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு, வலது காதைக் கூட்டத்துக்குத் திறந்து வைத்திருப்பவன். டிஜேக்கள் நிறையப் பேர் அப்படித்தான். இப்போது ஓடுகிற பாட்டு வெளியே ஸ்பீக்கரில் கேட்கும். அடுத்து வரப்போகிற பாட்டை ‘க்யூ’ பட்டனைத் தட்டி ஹெட்போனில் மட்டும் கேட்டு, இரண்டின் தாளத்தையும் ஒன்றாகச் சேர்த்து, அப்புறம்தான் வெளியே விட வேண்டும். ஹெட்போன் சரியாகக் காதை மூடவில்லை என்றால் மேடைச் சத்தம் உள்ளே வந்து க்யூவை அமுக்கிவிடும். அப்போது கை தானாக வால்யூமுக்குப் போகும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். மேடை ஓரத்தில் 100 டெசிபல் சத்தம் என்று வைத்துக்கொள்வோம். ஹெட்போன் 15 டெசிபலைத் தடுத்தால் உள்ளே கசிவது 85. அதற்கு மேல் கொஞ்சம் வைத்தாலே க்யூ கேட்கும். ஐந்துதான் தடுக்கிறது என்றால் கசிவது 95. க்யூவை 100-க்கு மேல் ஏற்றியாக வேண்டும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்வரை தாங்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-ல் நான்கு மணி நேரம், 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் கால் மணி. நம்ம ஆள் ஆடியது இரண்டு மணி நேரம். மீதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஹெட்போன் எது தெரியுமா? 900 ரூபாய் ‘ஃபர்ஸ்ட் காப்பி’. பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய லோகோ. பிறகு பிரித்துப் பார்த்தோம். உள்ளே எட்டணா அளவில் ஒரு குட்டி ஸ்பீக்கர், கனம் தெரிவதற்காக ஒட்டிவைத்த ஓர் இரும்புத் துண்டு. அவ்வளவுதான்!

ரிசப்ஷன் காசு சேர்ந்து 13,000 ஆனதும், “நல்லதா ஒண்ணு வாங்கணும்டா. மேடைக்கும் அதுதான், ரூம்ல மிக்ஸிங்குக்கும் அதுதான்” என்றான். இங்கேதான் சிக்கலே. இரண்டு வேலைக்கும் வேண்டியது ஒரே சாமான் இல்லை.

அதைப் புரிந்துகொள்ள வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாலிகிராமம் போனோம். கோடம்பாக்கம் சினிமா என்று நாம் சொல்வதில் பாதி நிஜத்தில் வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் சந்துகளில்தான் நடக்கிறது. கீழே மளிகைக் கடை, மாடியில் டப்பிங் ஸ்டுடியோ. வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்துத்தான் உள்ளே எத்தனை பேர் என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் காலேஜ் சீனியர் ஒருவர் ப்ளேஸ்மென்ட் ஆஃபரைக் கிழித்துப் போட்டுவிட்டு அப்படி ஒரு மாடியில் ரெக்கார்டிங் பார்க்கிறார். அண்ணா என்போம். உள்ளே போனால் சுவர் முழுக்க சாம்பல் நிற ஸ்பாஞ்ச், தரையில் ஜமுக்காளம், ஏ.சி. மட்டும் ரெக்கார்டிங்கின்போது ஆஃப். வேர்த்துக் கொட்டியது.

டப்பிங் பேசுகிறவர்களுக்கு அவர் கொடுக்கிற ஹெட்போன் சோனி எம்.டி.ஆர். 7506. நீலப் பட்டை போட்டிருக்குமே, நீங்கள் ஏதாவது பாடல் பதிவு வீடியோவில் பார்த்திருப்பீர்கள். 1991-ல் வந்தது, இன்னும் அதே உருவத்தில் விற்கிறது. நானும் மாப்ளையும் பிறப்பதற்கு முன்னாலேயே வந்த ஒரு எலெக்ட்ரானிக் சாமான் இன்னும் அப்படியே கடையில் கிடைக்கிறது என்பதே எனக்கு ஆச்சர்யம். அண்ணாவின் பீஸில் காது மெத்தை உரிந்து, மேலே பனியன் துணி சுற்றி, வயருக்குக் கறுப்பு டேப் போட்டிருந்தது.

“நம்ம ஊரு வேர்வைக்கு இந்த ரெக்ஸின் மெத்தை தாங்காதுடா. எப்படியும் உரிஞ்சி கன்னத்துல கருப்பா ஒட்டும். வாங்கும்போதே மாத்து மெத்தை கிடைக்குமான்னு பாத்துக்க” என்றார். எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்ல மாட்டார்கள் பாஸ்!

பதிவு அறையில் மூடின ஹெட்போன்தான் போட வேண்டும். திறந்த ஹெட்போன் என்றால் உள்ளே ஓடுகிற சத்தம் வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும். ஆனால் பதிவு முடிந்து மிக்ஸிங்குக்கு உட்காரும்போது அண்ணா அலமாரியைத் திறந்து துணிப்பையிலிருந்து வேறொன்றை எடுத்தார். சென்ஹைசர் ஹெச்.டி. 600. 1997-ல் வந்தது. முதுகுப் பக்கம் வெறும் இரும்பு வலை. அதன் வழியாகக் காற்றும் சத்தமும் தாராளமாகப் போய்வரும். மாப்ள மாட்டிக்கொண்டு, “ஹெட்போனே போடாத மாதிரி இருக்குண்ணா” என்றான். அதுதான் அதன் பெருமை. மேடைக்குக் கொண்டுபோனால் அதுவே வினை. பக்கத்து ஸ்பீக்கர் முழுசாக உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

பிறகு மாப்ள தன் மிக்ஸ் ஒன்றைப் போட்டுக் காட்டினான். 900 ரூபாய்க்காரன் உபயத்தில் செய்தது. எங்கள் அறையில் தரை அதிரும் என்று நாங்களே மெச்சிக்கொண்ட மிக்ஸ். அண்ணா ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, “பேஸ் எங்கடா?” என்றார். ஹெட்போன் பேஸைத் தானாகக் கூட்டிக் காட்டுகிறது. இவன் ‘ரொம்ப இருக்கே’ என்று குறைத்திருக்கிறான். ஆக, பாட்டில் பேஸே இல்லை. ஸ்டுடியோவுக்கு ‘ஃப்ளாட்’டான ஹெட்போன் வேண்டும் என்பது இதற்குத்தான். கேட்க இனிமையாக இருப்பது அங்கே தகுதி இல்லை. தப்பைத் தப்பாகக் காட்ட வேண்டும். 7506-ம் கொஞ்சம் கூர்மையான சத்தம்தான். ஆனால் ‘ஸ்’ஸென்ற உரசல், வாயின் ‘ச்சப்’ சத்தம் எல்லாம் அதில் தப்பிக்கவே முடியாது. அதனால்தான் பதிவு வேலைக்கு வைத்திருக்கிறார்.

எந்த ஹெட்போன் என்றாலும் ஒரு குறை உண்டாம். ஸ்பீக்கரில் கேட்டால் இடது பக்கச் சத்தம் வலது காதுக்கும் கொஞ்சம் வந்து சேரும். ஹெட்போனில் இடது இடதுக்கு, வலது வலதுக்கு. அதனால் எல்லாமே ரொம்ப அகலமாக விரிந்து கேட்கும். “அதனால ஹெட்போன்ல மட்டும் முடிச்சுட்டு வீட்டுக்குப் போகாத. ஸ்பீக்கர்ல, போன்ல, யார் கார்லயாவது போட்டுப் பாரு.”

கிளம்பும்போதுதான் மாப்ள அதைக் கேட்டான். சும்மா கேட்கிற மாதிரி, செருப்பை மாட்டிக்கொண்டே.

“அண்ணா, ஒருத்தனுக்கு லெஃப்ட் காதுல 4 கே குறைச்சலா இருந்தா மிக்ஸிங் பண்ண முடியுமா?”

அண்ணா என்னைப் பார்த்தார். நான் ஜமுக்காளத்தைப் பார்த்தேன்.

“முடியும். ஆனா அவனுக்கு அது தெரிஞ்சிருக்கணும். ஹெட்போனைத் திருப்பி மாட்டி ஒரு தடவை கேக்கணும், லெஃப்ட்ட ரைட்டுல, ரைட்ட லெஃப்ட்ல. அப்பவும் அதே பக்கம் மங்கலா இருந்தா குறை காதுல. பக்கம் மாறிட்டா குறை மிக்ஸ்ல. மீட்டரப் பாக்கணும். இன்னொரு ஆளுகிட்ட கேக்கக் குடுக்கணும். தெரியாம நிறையப் பேர் பண்ணிட்டுத்தான்டா இருக்கான். இனிமே இருக்கறதையாவது காப்பாத்தச் சொல்லு அவன.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது மாப்ள ஒரு வார்த்தை பேசவில்லை.

சனிக்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு ஆச்சர்யம் காத்திருந்தது. மாப்ளையின் அப்பா! விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் மைக் செட் வைத்திருக்கிறார். கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். ஒரு ஆம்ப்ளிஃபையரும் நாலு குழாயும் டிவிஎஸ் ஃபிஃப்டியில் கட்டிக்கொண்டு போன காலத்திலிருந்து தொழில். வெள்ளை வேட்டி, மஞ்சள் பை, சட்டைப்பையில் டெஸ்டர். “பதிமூணாயிரத்துக்குக் காதுல மாட்டறதா? நானும் வரேன்” என்று கிளம்பி வந்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவரிடம் பேசுவதென்றால் சத்தமாகப் பேச வேண்டும். வலது பக்கம் நின்று பேசினால் உத்தமம். குழாய்க்குக் கீழேயே நாற்காலி போட்டு ஆடி மாசம் முழுக்கக் கூழ் ஊத்துகிற திருவிழாக்களில் உட்கார்ந்த காது அது. யாரும் அவருக்குக் கிராஃப் எடுத்ததில்லை. அவர் முன்னால் மாப்ள தன் காது விஷயத்தை மூச்சுவிடவில்லை. என்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தான்.

தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் பார்க். எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டாப்பே சிந்தாதிரிப்பேட்டை. கூவம் வாசனையோடு நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட். அண்ணா சாலைப் பக்கமிருந்து வருவதானால் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், பெரும்பாலான ஷட்டர்கள் கீழே இறங்கியிருக்கும்.

பெயர்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளெல்லாம் சேர்ந்ததுதான் நாம் சொல்கிற ‘ரிச்சி’. நடக்க இரண்டடி அகலம் இருக்கிற இடத்தில் ஒரு டெம்போ, மூன்று பைக், சி.சி.டி.வி. கேமரா டப்பாக்களைத் தலையில் அடுக்கிய ஒரு லோடுமேன் எல்லாரும் ஒரே நேரத்தில் போக முடியும் என்பதை அங்கேதான் பார்க்கலாம். “என்ன வேணும் தம்பி, டிஸ்ப்ளே மாத்தணுமா?”, “சார்ஜர், கேபிள், பவர் பேங்க்...”, “அண்ணே, வழி!” ஒரு கடையில் சுவர் முழுக்கக் குட்டிக் குட்டி இழுப்பறைகள். ரெசிஸ்டரைக் கை போட்டு எண்ணாமல் அள்ளி, எடை பார்த்த மாதிரி சரியாகக் கொடுப்பார் கடைக்காரர். எதிர்க் கடையில் ஒரே பாட்டை ஆறு ஸ்பீக்கரில் டெஸ்ட் செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் மிளகாய் பஜ்ஜி வண்டி.

அப்பாவுக்கு இது அத்துப்படி. “எம்பத்தாறுல மொத தடவ வந்தேன் தம்பி. குழாய்க்கு யூனிட்டு வாங்க. அப்பெல்லாம் ரேடியோ சாமான், டேப் ரெக்கார்டர் சாமான்தான். இந்தப் போனு எல்லாம் ஏது?” எந்தச் சந்தில் அகூஜா ஆம்ப்ளிஃபையருக்கு ஸ்பேர் கிடைக்கும், எந்த டீக்கடையில் பொறை நன்றாக இருக்கும் எல்லாம் சொல்லிக்கொண்டே முன்னால் போனார். அவர் மொழியே தனி. நாம் 6.3 எம்.எம். ஜாக் என்போமே, அது ‘பி-38 பின்’. போனில் சொருகுகிற சின்னது ‘இ.பி. பின்’. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அப்படிக் கேட்டுப் பாருங்கள், உங்கள் மரியாதையே தனி!

முதல் கடையில் விற்பனைப் பையன் எங்கள் முகத்தைப் பார்த்ததும் ப்ளூடூத்தை எடுத்தான். “லேட்டஸ்ட் ண்ணா, நாய்ஸ் கேன்சலிங்.” பஸ்ஸில் பாட்டுக் கேட்க அருமையான சாமான்தான். டிஜேக்கு ஆகாது. 128 பி.பி.எம். பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளி 60-ஐ 128-ஆல் வகுத்தால் வரும், சுமார் 0.47 செகண்ட். சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் காதுக்கு வந்து சேர 0.2 செகண்ட்வரை தாமதமாகலாம். ஒரு தட்டில் பாதியை நெருங்குகிறது! கையால் தாளம் சேர்க்கிறவன் என்ன செய்வான்? வயர்தான் தெய்வம்.

இரண்டாம் கடையில் பேயர்டைனமிக் டி.டி. 770 ப்ரோ இருந்தது. ஜெர்மன்காரர்கள் 1985-லிருந்து செய்வது. வெல்வெட் மாதிரி மெத்தை, உரியவே உரியாது. மாப்ள கண்கள் மின்ன மாட்டிக்கொண்டு, என் பழைய போனில் சொருகினான். (புதுப் போன்களில் ஓட்டையே இல்லை. ஹெட்போன் வாங்கப் போகும்போது ஓட்டை உள்ள போன் ஒன்றைக் கடன் வாங்கியாவது எடுத்துப் போங்கள்.) முகம் சுருங்கியது. “சத்தமே இல்லடா.”

“பீஸ் ஒரிஜினல் தம்பி. உங்க போனுதான் பத்தல” என்றார் கடைக்காரர். டப்பாவைத் திருப்பினால் 250 ஓம். அதே மாடல் 32, 80, 250 என்று மூன்று விதமாக வருகிறது. அடடா, முதல் செமஸ்டர் பாடம்! வோல்டேஜின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் வகுக்க வேண்டும். ஒரு வோல்ட் தருகிற போன் 32 ஓமில் 31 மில்லிவாட் தள்ளும். 250 ஓமில் வெறும் 4. மற்றதெல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் 9 டெசிபல் பக்கம் அடி வாங்கும். தனியாக ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கிறவருக்கு 250 சரி. நம்மைப் போல லேப்டாப்பில் நேரடியாகச் சொருகுகிறவர்கள் 80-க்குக் கீழேயே இருப்பது உத்தமம். அந்தப் பாடத்தில் நான் ஜஸ்ட் பாஸ். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நின்றுகொண்டு இப்போதுதான் புரிகிறது.

கடைசியில் இரண்டு பீஸ் மிஞ்சின. ஒன்று, சென்ஹைசர் ஹெச்.டி. 25. 1988-லிருந்து இருக்கிறது, டிஜேக்களின் செல்லம். 140 கிராம்தான். காதுக்கு மேலேயே கும்மென்று உட்காரும், ஒரு பக்கத்தைப் புரட்டிப் பின்னால் தள்ளிவிடலாம். இன்னொன்று, ஆடியோ டெக்னிகா எம் 50 எக்ஸ். 2014-ல் வந்தது, 285 கிராம், காதை முழுக்க மூடும், 38 ஓம். 13,000-க்குள் இரண்டில் ஒன்றுதான்.

இங்கே அப்பா பொறுப்பை எடுத்துக்கொண்டார். பாட்டே போடவில்லை மனுஷன்! முதலில் வயர் உள்ளே நுழைகிற இடத்தை விரலால் வளைத்துப் பார்த்தார். “சாவறது எப்பவும் இங்கதான்.” பிறகு பட்டையை விரித்துவிட்டு விட்டார், ‘டப்’ என்று பழைய இடத்துக்கு வருகிறதா என்று. ஸ்க்ரூவா, பசையா என்று பார்த்தார். கடைக்காரரிடம் ஒரே கேள்வி: “இது செத்தா யாரு பொழைக்க வெப்பா?”

ஹெச்.டி. 25-ஐப் பார்த்து அசந்தேவிட்டார். வயர், மெத்தை, பட்டை, உள்ளே இருக்கிற யூனிட் எல்லாமே தனித்தனியாகக் கழன்று வருகிறது. “செஞ்சவன் மைக் செட்காரனாத்தான் இருப்பான்” என்றார். நானாக இருந்தால் அப்போதே பில் போட்டிருப்பேன். இப்போதும் என் ஓட்டு அதற்குத்தான்.

அப்புறம் தெருவையே லேபாக்கினோம். பாட்டுப் போடாமல், வயரை எதிலும் சொருகாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடை வாசலில் நிற்க வேண்டும். எதிர்க் கடையின் ஆறு ஸ்பீக்கர், பைக் ஹாரன், டெம்போ எல்லாம் இலவசம். எவ்வளவு குறைகிறது? மாப்ள கண்ணாடி போடுகிறவன். கண்ணாடிக் காம்பு எம் 50 எக்ஸின் மெத்தையை லேசாகத் தூக்கிக்கொண்டு சந்து விட்டது. அந்தச் சந்தில் சத்தம் உள்ளே வரும், பேஸ் வெளியே போகும். காம்பை மேலே ஏற்றி மெத்தையை அழுத்தி உட்காரவைத்ததும் தெருவே தூரமாகப் போனது. கண்ணாடி போடுகிற மக்களே, கண்ணாடியோடு மாட்டிப் பார்க்காமல் எந்த ஹெட்போனையும் வாங்காதீர்கள்.

ஹெச்.டி. 25-ம் நன்றாகத்தான் தடுத்தது. ஆனால் அது காதையே அழுத்துகிற ஜாதி. பத்து நிமிஷத்தில் கண்ணாடிக் காம்புக்கும் அதற்கும் நடுவே காது நசுங்கியது. “மேடைல ரெண்டு மணி நேரம்னா ஓகே. ரூம்ல ராத்திரி பூரா எப்படிடா?” என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, “இனிமே மேடை கம்மிதான் மச்சான்” என்றான்.

அதைச் சொன்னது அப்பாவின் வலது பக்கம் நின்றுகொண்டு.

“ஏன் கம்மி?” என்றார் அவர்.

மாப்ள ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு நின்றான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அத்தனை சத்தத்துக்கு நடுவில், ரகசியத்தைக் கத்திச் சொல்ல வேண்டிய நிலைமை. “லெஃப்ட் காது... கொஞ்சம் போச்சுப்பா!” கடைப் பையன் திரும்பிப் பார்த்தான்.

அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். மஞ்சள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மகனின் இடது காதைப் பிடித்துத் திருப்பி, காயம் பார்க்கிற மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே என்ன தெரியும்? “எனக்கும் அந்தப் பக்கந்தான் மொதல்ல போச்சு” என்றார். “உங்க அம்மா திண்ணையில நின்னு கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துட்டு, வேணும்னே திரும்பலன்னு ரெண்டு நாள் பேசல.” அவ்வளவுதான் சொன்னார். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, “அந்தப் பெருசையே போடுங்க” என்றார்.

எம் 50 எக்ஸ். மேடைக்கு ஒரு பக்கம் புரட்டலாம், வயர் கழன்று வருகிறது, டப்பாவுக்குள் சுருள் வயரையும் சேர்த்து மூன்று வயர். கொஞ்சம் பேஸ் தூக்கல்தான், அண்ணா சொன்ன ‘ஃப்ளாட்’ இல்லை. பழகிக்கொண்டு, கணக்கில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். பி-38 பின்னாக்குகிற அடாப்டரைத் திருகி மாட்டிப் பார்த்து, திருகிக் கழற்றிப் பார்த்து, திருப்தியானபிறகே அப்பா பணத்தை எண்ண விட்டார். 200 ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் வேறு. “ஃபிக்ஸட் ரேட் பெரியவரே” என்ற கடைக்காரர் கடைசியில் ஒரு இ.பி. பின் வயரை ஓசியில் தந்தார்.

மருந்துக் கடையில் நுரைக் காதடைப்பான் இரண்டு ஜோடி வாங்கினான் மாப்ள. ஒன்று அவனுக்கு. மற்றதை அப்பாவின் மஞ்சள் பைக்குள் போட்டதைப் பார்த்தேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

திரும்பும்போது தாம்பரம் ட்ரெயினில் கூட்டம். ஜன்னலோரம் உட்கார்ந்த அப்பா, “எங்க, குடு பாப்போம்” என்று ஹெட்போனை வாங்கி மாட்டினார். மாப்ள அவசரமாகப் பாட்டுத் தேடினான். அதற்குள் அவர் கையைக் காட்டி வேண்டாம் என்றார். வயர் எதிலும் சொருகவில்லை, மடியில் சுருண்டு கிடந்தது. சைதாப்பேட்டை, கிண்டி, மீனம்பாக்கம்... பல்லாவரத்தில் கடலை விற்கிறவர் காதருகே வந்து கத்தியும் திரும்பவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தோம். தாம்பரம் வருவதற்கு முன் கண்ணைத் திறந்து, ஒரு பக்கத்தை மட்டும் டிஜே மாதிரி தள்ளிவிட்டுக் கேட்டார்.

“ஏன்டா, இந்த மாதிரி நம்ம ஆடி மாசத்துக்கு ஒண்ணு எவ்வளவுன்னு கேட்டிருக்கலாம்ல?”